மார்பரிக்கு வேலை கிடைத்ததா?

2023 நவம்பர் 4, இரவு 10.50

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட சட்டத்தைச் செல்லாது என்று தள்ளும் அதிகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு என்கிறீர்கள். அவர்களுடைய அரசியல் சாசனத்தில் அது எந்த வரியில் இருக்கிறது? வரியைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்."

காட்ட முடியாது. அப்படி ஒரு வரி இல்லை. மூன்றாம் பிரிவு, உச்ச நீதிமன்றம் ஒன்று இருக்கும், இன்னின்ன வழக்குகளை விசாரிக்கும் என்று சொல்கிறது. சட்டத்தை ரத்து செய்யலாம் என்று எங்கேயும் சொல்லவில்லை. 1803-ல் அந்த அதிகாரத்தை நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்டது. வழக்கு, மார்பரி எதிர் மேடிசன்.

என் மகளுக்கு இந்த வருடம் பள்ளியில் அமெரிக்க அரசாங்கம் பற்றிய ஏ.பி. பாடம், அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். கட்டாயம் படிக்க வேண்டிய தீர்ப்புகள் 14. முன்பு 15 இருந்தன. கருக்கலைப்பு பற்றிய ரோ எதிர் வேட் தீர்ப்பை 2022-ல் நீதிமன்றமே கவிழ்த்தபின் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டின்போது அவள் சத்தமாகப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி மனப்பாடம். நான் வக்கீல் இல்லை. தப்பு இருந்தால் திருத்துங்கள்.

1800 தேர்தலில் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் தோற்றார். நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் தன் கட்சிக்காரர்களை நீதிபதி பதவிகளில் நிரப்பினார். வாஷிங்டன் பகுதிக்கு மட்டும் 42 ஜஸ்டிஸ் ஆஃப் பீஸ்கள். நம் ஊரில் ஒரு காலத்தில் இருந்த ஹானரரி மாஜிஸ்திரேட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தாகி முத்திரையும் விழுந்த நியமன ஆணைகளில் சில, உரியவர் கைக்குப் போகாமல் ஆபீசிலேயே தங்கிவிட்டன. அவற்றை அனுப்ப வேண்டியவர் வெளியுறவு அமைச்சர் ஜான் மார்ஷல். மறுநாள் ஜெஃபர்சன் பதவியேற்று, மிச்சம் கிடந்த ஆணைகளைக் கொடுக்க வேண்டாம் என்றார். ஆணை கிடைக்காத வில்லியம் மார்பரி இன்னும் மூன்று பேருடன் சேர்ந்து, புதிய வெளியுறவு அமைச்சர் மேடிசன் மேல் நேராக உச்ச நீதிமன்றத்திலேயே மாண்டமஸ் ரிட் (கடமையைச் செய் என்று அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போட்டார். அங்கே தலைமை நீதிபதியாக உட்கார்ந்திருந்தவரும் ஜான் மார்ஷல்தான். ஆணை போகாததற்குப் பொறுப்பானவரே, அது ஏன் போகவில்லை என்ற வழக்குக்கு நீதிபதி. இன்றைக்கு இப்படி நடந்தால் டீக்கடையில்கூடச் சிரிப்பார்கள்.

மார்ஷலுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. ஆணையைக் கொடு என்று உத்தரவிட்டால் ஜெஃபர்சன் கண்டுகொள்ள மாட்டார், நீதிமன்றத்தின் மானம் போகும். கொடுக்க வேண்டாம் என்றால் பயந்துவிட்டார் என்பார்கள். அவர் எழுதியது இது: மார்பரிக்கு அந்த வேலையில் உரிமை உண்டு, ஆணையைப் பிடித்துவைத்தது தவறு, சட்டத்தில் இதற்குப் பரிகாரமும் உண்டு, ஆனால் அதை நேரடியாகக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. 1789-ஆம் வருட நீதித்துறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறதே என்றால், அந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரண், ஆகவே செல்லாது. சின்ன அதிகாரம் ஒன்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பெரியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஜெஃபர்சனால் எதிர்க்கவும் முடியவில்லை, அவர் தரப்புதானே ஜெயித்தது. 9 நீதிபதிகளும் ஒருமனதாகக் கொடுத்த தீர்ப்பு.

நவம்பர் 5, காலை 7.15

திருத்தம். 9 பேர் என்று எழுதியது தப்பு. மகள் பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அப்போது இருந்ததே 6 இடம். இந்தத் தீர்ப்பில் இருந்தவர்கள் 4 பேர். 9 என்ற எண்ணிக்கை மாறாமல் இருப்பது 1869-லிருந்துதான்.

நவம்பர் 5, இரவு 11.20

கோயம்புத்தூர் வக்கீல் நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். இரண்டு விஷயம் முக்கியம்.

ஒன்று, மார்பரி முதல் வழக்கு இல்லை. 1796-லேயே குதிரை வண்டிகளுக்குக் காங்கிரஸ் போட்ட வரி செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் பார்த்திருக்கிறது, ஹில்டன் வழக்கில். செல்லும் என்று விட்டுவிட்டதால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சரிதான். ஒரு சட்டம் செல்லுமா என்று பார்க்கிறவருக்கு, செல்லாது என்று சொல்லவும் முடியும் என்பதுதானே பொருள்.

இன்னொன்று, நம் சாசனத்தில் வரி இருக்கிறது. 13-ஆம் பிரிவு: அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் அந்த முரண் அளவுக்குச் செல்லாது. அவர்கள் 1803-ல் பட்ட பாட்டைப் பார்த்தபிறகு நாம் எழுதியே வைத்துக்கொண்டோம் என்று நான் பெருமையாகப் பதில் போட இருந்தேன். நண்பர் முந்திக்கொண்டார். 1950-ல் ஏ.கே. கோபாலன் எதிர் மெட்ராஸ் மாநிலம் வழக்கில் தலைமை நீதிபதி கனியா, 13-ஆம் பிரிவு வெறும் கூடுதல் எச்சரிக்கைக்காகத்தான், அது இல்லாவிட்டாலும் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இருக்கும் என்ற பொருளில் எழுதினாராம். ஆக, வரி இருக்கிற ஊரிலும் வரி தேவையில்லை என்று நீதிபதியே சொல்லியாயிற்று. கேள்வி கேட்ட வாசகரின் முகத்தைப் பார்க்க ஆசை.

நவம்பர் 7, மதியம்

"அதெல்லாம் சரி, மார்பரிக்கு வேலை கிடைத்ததா?" என்று ஒருவர். ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டே படித்தேன், புரையேறிவிட்டது.

கிடைக்கவில்லை. அது ஐந்து வருடப் பதவி. 1802-ல் உச்ச நீதிமன்றம் கூடவே விடாமல் காங்கிரஸ் அமர்வை ரத்து செய்துவிட்டதால், தீர்ப்பு வந்தபோதே இரண்டு வருடம் போயிருந்தது. ஊருக்கெல்லாம் சட்டம் செய்த வழக்கு, போட்டவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 8, இரவு 12.30

தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது. வழக்குக்குப் பெயர் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்று மகளின் பட்டியலை வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். கிடைத்தவர் ஒருவராவது உண்டா என்றால் உண்டு, கிளாரன்ஸ் ஏர்ல் கிதியோன்.

1961, புளோரிடாவின் பனாமா சிட்டி. ஒரு பில்லியர்ட்ஸ் கிளப்பை உடைத்துச் சில்லறைக் காசும் கொஞ்சம் மதுவும் திருடியதாகக் கேஸ். வக்கீல் வைக்கக் காசில்லை, கோர்ட்டே ஒருவரைக் கொடுங்கள் என்று கேட்டார். மரண தண்டனைக் கேஸுக்குத்தான் எங்கள் மாநிலத்தில் அப்படிக் கொடுப்போம் என்றார் நீதிபதி. தானே வாதாடினார், தோற்றார், 5 வருடம். சிறையிலிருந்து கோடு போட்ட தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். மனுவை ஏற்றுக்கொண்டு, வாஷிங்டனின் பெரிய வக்கீல்களில் ஒருவரான அபே ஃபோர்டாஸை அவருக்காக வாதாட நியமித்தது நீதிமன்றம். (இந்த ஃபோர்டாஸ் 1965-ல் அங்கேயே நீதிபதியாகி, 1969-ல் ஒரு பண விவகாரத்தில் ராஜினாமா செய்தார். அது வேறு கதை.) 1963 மார்ச் 18-ல், இந்தத் தடவை 9 பேரும் நிஜமாகவே ஒருமனதாக: சிறைக்கு அனுப்பக்கூடிய பெரிய குற்றம் என்றால், வக்கீல் வைக்க முடியாதவருக்கு அரசு வக்கீல் கொடுத்தே ஆக வேண்டும். தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். 1942-ல் பெட்ஸ் எதிர் பிரேடி வழக்கில் இதே விஷயத்தில் சிறுபான்மையாக நின்று மறுப்பு எழுதியவர். 21 வருடம் கழித்து, தான் தோற்ற வழக்கைத் தன் கையாலேயே கவிழ்த்தார். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

மறுவிசாரணை அதே ஊர், அதே நீதிபதி. வித்தியாசம் ஒன்றுதான், பக்கத்தில் ஃபிரெட் டர்னர் என்ற உள்ளூர் வக்கீல். முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணையில் அவர் உரித்து எடுத்தார். ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குற்றவாளி இல்லை என்றது.

இது எனக்குப் புத்தகக் கதையாக இல்லாததற்குக் காரணம் உண்டு. 2018-ல் எனக்குக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கோர்ட்டிலிருந்து ஜூரி டியூட்டி கடிதம் வந்தது. தட்டிக்கழிக்க வழி தேடினேன் என்பதை மறைக்கவில்லை. காரை உடைத்துக் கருவிகளைத் திருடியதாக ஒரு கேஸ். குற்றம் சாட்டப்பட்டவருக்கு பப்ளிக் டிஃபெண்டர், அதாவது அரசு சம்பளத்தில் வாதாடும் வக்கீல். சின்ன வயதுப் பெண். ஃபைல்களைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தார். ஓசி வக்கீல்தானே என்று நானும் நினைத்தேன். விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன் என்றார் சாட்சி. அந்தப் பெண் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். விளக்குக் கம்பம் கட்டடத்துக்கு மறுபக்கம் இருந்தது. அறையில் ஒரு சத்தமில்லை. அந்தப் படத்தை எடுக்க அவர் தானே இரவில் அங்கே போயிருக்க வேண்டும். அந்தக் குற்றச்சாட்டில் விடுவித்தோம். திருட்டுப் பொருளைக் கையில் வைத்திருந்த இன்னொன்றில் தண்டித்தோம், அது நிரூபணமாகியிருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 8, காலை 8.05

இரவில் எழுதியதைப் படித்தேன். கிதியோனை ஏதோ அப்பாவி மாதிரி வைத்துவிட்டேன். ஏற்கெனவே பலமுறை திருட்டுக் கேஸில் தண்டனை அனுபவித்தவர் அவர். அதனால் வாதம் பலவீனமாகாது, கூடத்தான் செய்யும். பழைய கேடி என்பவனைப் பற்றிச் சாட்சி என்ன சொன்னாலும் நம்பிவிடுவார்கள் இல்லையா, அவனுக்குத்தான் வக்கீல் அதிகம் தேவை.

நவம்பர் 8, மாலை

வக்கீல் நண்பர் ஊசி போட்டார்: "இலவசம் என்றா சொன்னீர்கள்?" பார்த்தேன். பல மாநிலங்களில் பப்ளிக் டிஃபெண்டர் வேண்டும் என்று விண்ணப்பிக்கவே கட்டணம் வசூலிக்கிறார்கள். கிதியோனின் புளோரிடாவிலேயே 50 டாலர். காசில்லை என்று நிரூபிக்கக் காசு கட்ட வேண்டும்.

குடியேற்ற கோர்ட்டில் இது எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடு கடத்தும் வழக்கு சிவில் வகை என்பதால் அரசு செலவில் வக்கீல் இல்லை. நம் ஆட்கள் பலர் இது தெரியாமல் முதல் வாய்தாவுக்குப் போய் நிற்கிறார்கள்.

நவம்பர் 11

கைதானவருக்குப் போலீஸ் சொல்ல வேண்டிய எச்சரிக்கை பற்றிய மிரண்டா தீர்ப்பைக் கேட்டவர்களுக்கு: ஆமாம், ஹாலிவுட் போலீஸ் விலங்கு மாட்டும்போது சொல்வது அதுதான். 1966, 5-க்கு 4. நீங்கள் பேசாமல் இருக்கலாம், பேசினால் அது உங்களுக்கு எதிராகப் பயன்படும், வக்கீல் உண்டு. என்னை ஒருமுறை வேகமாகப் போனதற்காக நெடுஞ்சாலையில் நிறுத்தியபோது அந்த வசனத்தை ஆவலோடு எதிர்பார்த்தேன். லைசென்ஸைக் கேட்டார், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், போய்விட்டார். காவலில் வைத்து விசாரித்தால்தான் அந்த வசனம்; ரோட்டோரம் நிறுத்துவது காவல் ஆகாது என்று 1984-ல் தனியாக ஒரு தீர்ப்பு. வசனம் சொல்லவில்லை என்றால் கேஸ் காலி என்பதும் சினிமாதான். அப்போது கொடுத்த வாக்குமூலம் செல்லாது, அவ்வளவே.

எர்னஸ்டோ மிரண்டாவுக்கு என்ன கிடைத்தது? 1967-ல் மறுவிசாரணை, பழைய வாக்குமூலம் இல்லாமலே மறுபடியும் தண்டனை. வெளியே வந்தபின் அந்த எச்சரிக்கை வாசகம் அச்சிட்ட அட்டைகளில் கையெழுத்துப் போட்டு விற்றார். 1976-ல் ஃபீனிக்ஸில் ஒரு பாரில் நடந்த சண்டையில் குத்திக் கொல்லப்பட்டார். சந்தேகத்தில் பிடிபட்டவருக்கு போலீஸ் அதே வாசகத்தைப் படித்துக் காட்டியது.

நவம்பர் 14, இரவு

ப்ளெஸ்ஸி எதிர் ஃபெர்கூசன், 1896. "தனித்தனி, ஆனால் சமம்" என்று ரயில் பெட்டிகளைப் பிரித்ததை உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்று ஏற்றுக்கொண்டது. ஹோமர் ப்ளெஸ்ஸி பார்வைக்கு வெள்ளைக்காரர்தான். எட்டில் ஒரு பங்கு கறுப்பின வம்சம். 1892-ல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு குடிமக்கள் குழு திட்டம் போட்டே அவரை வெள்ளையர் பெட்டியில் உட்கார வைத்துக் கைதாக வைத்தது. சட்டத்தைச் சோதிக்க ஆள் தேடி, நாள் குறித்து, கைது செய்யவும் ஏற்பாடு. தோற்றபின் ப்ளெஸ்ஸி கட்டிய அபராதம் 25 டாலர். லூசியானா கவர்னர் மன்னிப்புக் கொடுத்தது 2022-ல்.

அந்த ஒற்றை மறுப்பு, நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் எழுதியது. நமது சாசனத்துக்கு நிறம் தெரியாது என்றார். அடிமைகளை வைத்திருந்த கென்டக்கிக் குடும்பத்தில் பிறந்தவர். எனக்கு இந்த நீதிமன்ற வரலாற்றில் பிடித்த ஒரே மனிதர் அவர்.

நவம்பர் 15, இரவு

"பிடித்த ஒரே மனிதர்" என்பதை வாபஸ் வாங்குகிறேன். அதே மறுப்பிலேயே ஹார்லன், சீன இனத்தவர் நம்மிலிருந்து மிகவும் வேறுபட்டவர்கள், அவர்களைக் குடிமக்களாக நாம் அனுமதிப்பதில்லை என்று எழுதியிருக்கிறார். இந்தப் பகுதியை மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1898-ல், வோங் கிம் ஆர்க் வழக்கு. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த சமையல்காரர். சீனாவுக்குப் போய் 1895-ல் திரும்பி வந்தவரை நீ குடிமகன் இல்லை என்று கப்பலிலேயே நிறுத்தினார்கள். இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்ற 14-ஆம் திருத்தம் அவருக்கும் பொருந்தும் என்று 6-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு. எதிர்த்த இருவரில் ஒருவர் ஹார்லன். எச்1பி விசாவில் இங்கே வந்து பிள்ளை பெற்ற நம் குடும்பங்களுக்கு மார்பரியைவிட நெருக்கமான பெயர் இந்த வோங். என் மகளின் பாஸ்போர்ட்டும் அதில்தான் நிற்கிறது. மகளின் பட்டியலில் உள்ள 14 தீர்ப்புகளில் இந்த வழக்கு இல்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

நவம்பர் 16

வோங் பற்றிப் பேசிவிட்டு பகத் சிங் திந்தை விட்டால் நியாயமில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பஞ்சாபி. அப்போது வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களில் குடியுரிமை "சுதந்திரமான வெள்ளையருக்கும்" ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும் மட்டும். 1922 நவம்பரில் தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியருக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது: தோல் வெளுப்பு கணக்கில்லை, வெள்ளையர் என்றால் காகேசிய இனம். மூன்றே மாதத்தில் திந்த் போய் நின்றார்: இனவியல்படி நான் காகேசியன்தானே? அதற்கு வந்த பதில்: இனவியல் யாருக்கு வேண்டும், சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறானோ அவர்தான் வெள்ளையர். இரண்டையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லாண்ட். அவரே இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர்.

திந்த் மேல் இரக்கம் வருகிறது. ஆனால் அவர் தரப்பு மனுவைப் படித்தால் சங்கடம். தான் உயர்சாதி, ஆரியர், இந்தியப் பூர்வகுடிகளோடு கலப்புத் திருமணம் செய்வதை அமெரிக்கர் கறுப்பரோடு செய்வதை வெறுப்பதுபோலவே வெறுப்பவர் என்று வாதம். சாதியைக் காட்டி வெள்ளைக்காரன் வரிசையில் இடம் கேட்டால், அவன் சாதியையும் பார்க்கவில்லை, இடமும் கொடுக்கவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். திந்துக்குப் போர்வீரர் என்ற கணக்கில் 1936-ல் கிடைத்தது. மற்ற இந்தியருக்கு வழி திறந்தது 1946-ல். என் குடியுரிமைச் சடங்கில் கையைத் தூக்கி நின்றபோது இந்தப் பெயரே எனக்குத் தெரியாது.

நவம்பர் 19

பிரவுன் வழக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மூன்று பேர். எல்லோருக்கும் தெரிந்தது என்று விட்டேன். 1954 மே 17, 9-க்கு 0, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது. எனக்கு அதைவிட 1955-ல் வந்த இரண்டாம் தீர்ப்புதான் சுவாரசியம்: எப்போதுக்குள் அமல்படுத்த வேண்டும்? "நிதானமான முழு வேகத்தில்." நம் அரசாங்க ஆபீஸ் பதிலில் வரும் "ஆவன செய்யப்படும்" ஞாபகம் வருகிறதா? அதேதான். 1957-ல் லிட்டில் ராக்கில் 9 கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் போக ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, சேர்த்துப் படிக்க வைப்பதைவிடப் பள்ளிகளையே மூடுவோம் என்று 1959-லிருந்து 1964 வரை மூடியே வைத்தது. பிரவுனோடு சேர்த்து விசாரித்த ஐந்து வழக்குகளில் ஒன்று அந்தக் கவுண்டியிலிருந்து வந்ததுதான்.

நவம்பர் 21, இரவு 11.00

முதல் கேள்வி கேட்ட வாசகர் திரும்பி வந்திருக்கிறார். "ஆக வரி இல்லை. நீதிமன்றம் தானே எடுத்துக்கொண்டது. அமல்படுத்த ராணுவம் வேண்டும். இதற்கா இவ்வளவு நீளம்?"

கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் கையில் இதைவிட நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது, அவருக்கே தெரியவில்லை. நானே எடுத்துக் கொடுக்கிறேன். மார்பரிக்குப் பிறகு காங்கிரஸின் சட்டம் ஒன்றைச் செல்லாது என்று நீதிமன்றம் அடுத்தபடியாகச் சொன்னது 54 வருடம் கழித்து. எதற்காக? 1857, டிரெட் ஸ்காட் வழக்கு. அடிமை முறை இல்லாத பகுதிகளில் வாழ்ந்ததால் தனக்கு விடுதலை உண்டு என்று கேட்டவரிடம், கறுப்பர் குடிமகனே ஆக முடியாது, வடக்குப் பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுத்த 1820-ஆம் வருடச் சட்டமும் செல்லாது என்றார் தலைமை நீதிபதி டேனி. மார்ஷல் செய்துவைத்த கத்தியை எடுத்து முதலில் வெட்டியது இங்கே. அதைச் சரிசெய்ய ஓர் உள்நாட்டுப் போரும் 14-ஆம் திருத்தமும் தேவைப்பட்டன. எதிராளி பெயர் சான்ஃபோர்ட். குமாஸ்தா தப்பாக எழுதி இன்றுவரை சாண்ட்ஃபோர்ட் என்றே கிடக்கிறது. ஸ்காட்டுக்கு விடுதலை கிடைத்தது அதே வருடம், பழைய முதலாளி குடும்பத்தார் கொடுத்தார்கள். அடுத்த வருடம் காசநோயில் இறந்தார்.

நான் இன்னும் அந்த அதிகாரம் இருக்கட்டும் என்ற பக்கம்தான். கிதியோன் இருக்கிறார், வோங் இருக்கிறார். ஆனால் நவம்பர் 4 அன்று எழுதிய அளவு துள்ளல் இப்போது இல்லை.

நவம்பர் 22, காலை

மகளுக்கு நேற்று பரீட்சை. மார்பரி வழக்கில் ஜெயித்தது யார் என்று ஒரு கேள்வியாம். என்ன எழுதினாய் என்றேன். "மார்ஷல்" என்றாள். மார்க் இன்னும் வரவில்லை.

நவம்பர் 22, மதியம்

வேலை கிடைத்ததா என்று கேட்டவருக்கு ஒரு தகவல். உச்ச நீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்ததே 1935-ல். அங்கே ஜான் மார்ஷல் பெயரில் ஒரு சாப்பாட்டு அறை. அதன் சுவரில் மார்பரி படமும் மேடிசன் படமும் மாட்டியிருக்கின்றன. ஆணை வராவிட்டாலும் ஆள் உள்ளே போய்விட்டார்.